டிரான்ஸ்போஸ் இயல்: அமீரகத் தமிழ் மேடைகளை முன்வைத்து ஓர் ஆய்வு

இக்கட்டுரை என் நுதலிற்றோ எனின், கீபோர்டில் 'டிரான்ஸ்போஸ்' என்று எழுதியிருக்கும் பொத்தானை அழுத்துவதன் காரண காரியங்களை உணர்த்துதல் நுதலிற்று. கள ஆய்வு கராமாவிலும் கிசைஸிலும் ஷார்ஜாவிலும், பள்ளிக்கூட அரங்குகளிலும் சங்க விழாக்களிலும் 11 ஆண்டுகள் நடந்தது. ஆய்வாளர் பகலில் கணக்கர், வார இறுதியில் கீபோர்டு வாசிப்பவர். நிதியுதவி எதுவும் கிடைக்கவில்லை, பரோட்டா கிடைத்தது.

பொத்தானின் இலக்கணம் எளிது. ஒரு தடவை அழுத்தினால் எல்லாச் சுரங்களும் ஒன்றாக அரைக் கட்டை ஏறும் அல்லது இறங்கும். பெரும்பாலான கருவிகளில் மேலே 12 படி, கீழே 12 படி. பிளஸ் இரண்டில் வைத்தால் விரல் சி-யில் இருக்கும், ஒலி டி-யில் வரும். ஒன்றின் பெயர் அதனோடு தொடர்புடைய மற்றொன்றுக்கு ஆகி வருதலின் இது ஆகுபெயர் என்பது எம் துணிபு. ஒவ்வொரு அரைக் கட்டைக்கும் அதிர்வெண் சுமார் 6 சதவீதம் கூடுகிறது. 2018 ஜனவரி 1 அன்று அமீரகத்தில் வந்த வாட் வரியே 5 சதவீதம்தான். "அண்ணா, அரைக் கட்டை ஏத்துங்க" என்கிற பாடகர் அரசாங்கத்தைவிட அதிகம் கேட்கிறார் என்பதைக் கணக்கர் என்ற முறையில் பதிவு செய்கிறேன்.

மேடையில் இன்றும் ஆர்மோனியக் காலத்துக் கணக்குதான். சி ஒரு கட்டை, டி இரண்டு, இ மூன்று, எஃப் நான்கு. நடுவே உள்ள கறுப்புகள் ஒன்றரை, இரண்டரை. மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே கறுப்புக் கட்டை கிடையாது. ஆகவே மூன்றரைக் கட்டை என்று உலகில் ஒன்று இல்லை. தன் சுருதி மூன்றரை என்று ஒருவர் சாதித்தார். நான்கில் வைத்துக் கொடுத்தேன். "இதுதான் சார், கரெக்டா மூன்றரை" என்றார்.

வளைகுடாவின் கடிகாரமும் இதே இலக்கணத்துக்குக் கட்டுப்பட்டதுதான். அமீரகமும் ஓமனும் ஊர் நேரத்துக்கு ஒன்றரை மணி பின்னால். சவுதி, குவைத், கத்தார், பஹ்ரைன் இரண்டரை. இரண்டும் கறுப்புக் கட்டைகள். மூன்றரை மணி பின்தங்கிய நாடு இந்தப் பக்கம் ஒன்றுகூட இல்லை. வார விடுமுறையும் டிரான்ஸ்போஸ் ஆனதே: அமீரக அரசு அலுவலகங்களுக்கு வியாழன், வெள்ளியாக இருந்தது 2006 செப்டம்பரில் வெள்ளி, சனி ஆயிற்று. 2022 ஜனவரியில் வெள்ளி அரை நாளோடு சனி, ஞாயிறு. 16 ஆண்டுகளில் பிளஸ் இரண்டு. ஷார்ஜா மட்டும் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்றையும் சேர்த்து அழுத்தி கார்டு பிடித்துவிட்டது. அன்றிலிருந்து எங்கள் தபேலாக்காரரும் டிரம்மரும் ஒரே நாளில் ஒத்திகைக்கு வந்ததில்லை.

இங்கே ஏற்றச் சொல்பவர்களைவிட இறக்கச் சொல்பவர்களே அதிகம். காரணம் ஏசி. வெளியே 45 டிகிரியில் கார் நிறுத்த இடம் தேடி அலைந்துவிட்டு, உள்ளே 18 டிகிரியில் உட்கார்ந்தால் எந்தத் தொண்டையும் அரைக் கட்டை கேட்கும். இதில் ஒரு சொற்பொருள் சிக்கலும் உண்டு. பாட்டில்லாத டிராக்குக்கு 'மைனஸ் ஒன்' என்று பெயர். பாடகர் மைக்கில் "மைனஸ் ஒன் போடுங்க" என்றார். மிக்ஸரில் இருந்தவர் டிராக்கை ஓட விட்டார். நான் அரைக் கட்டை இறக்கினேன். இருவரும் சொன்னதைத்தான் செய்தோம்.

பொத்தானை அழுத்துவது திருட்டு, 12 சுருதியிலும் வாசிக்கப் பழக வேண்டும் என்பார் ஒரு சாரார். அவர் அறியார். 'ஒயிட் கிறிஸ்துமஸ்' பாடலை எழுதிய இர்விங் பெர்லின் வாழ்நாள் முழுக்கப் பெரும்பாலும் நாலரைக் கட்டையிலேயே, கறுப்புகளை நம்பியே வாசித்தவர். மற்ற சுருதிகளுக்கு அவருடைய பியானோவில் ஒரு நெம்புகோல் இருந்தது. கட்டைக் கணக்கைத் தந்த ஆர்மோனியத்தையே, சுரம் வளையாது என்று அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை விலக்கி வைத்திருந்தது. சங்கீதத்தில் யார் யாரைத் திருடன் என்பது?

இனி ஆய்வின் மையச் சிக்கல். அரபு இசைக்கென்றே தயாராகும் கீபோர்டுகள் உண்டு. 'ஓரியண்டல்' மாடல் என்பார்கள். அவற்றில் வேண்டிய சுரத்தை மட்டும் கால் கட்டை இறக்கலாம். ராஸ்த், பயாத்தி முதலிய மகாம்களுக்கு அது இல்லாமல் தீராது. அங்கே 'இ' என்பது இரண்டரைக்கும் மூன்றுக்கும் நடுவே, இரண்டே முக்கால் கட்டையில் குடியிருக்கிறது. நான் செகண்ட் ஹேண்டில் வாங்கியது அப்படிப்பட்ட ஒன்று. முன்பு வைத்திருந்தவர் 'இ'யை இறக்கியதோடு, அந்த அமைப்பைச் சேமித்தும் வைத்திருந்தார் என்பது எனக்கு மேடையில்தான் தெரிந்தது.

சங்கராபரணச் சாயலில் ஒரு பழைய திரைப்பாட்டு. காந்தாரத்தைத் தொட்ட இடமெல்லாம் அது அந்தரமாகவும் இல்லை, சாதாரணமாகவும் இல்லை. பாடிய பெண் என்னைப் பார்த்தார். நான் கிட்டார்காரரைப் பார்த்தேன். டிரான்ஸ்போஸில்தான் கோளாறு என்று எண்ணி, இடையிசையில் மைனஸ் ஒன்று, மைனஸ் இரண்டு என இறக்கினேன். பிழையும் கூடவே இறங்கி வந்தது. முன்வரிசை மாமி ஒருவர் இடைவேளையில் மேடைக்கே வந்து, "ஏன் தம்பி, அது என்ன ராகம்?" என்று கேட்டார். அரங்கு முழுவதிலும் கண்மூடித் தலையசைத்தவர் ஒருவரே: சவுண்ட் பார்த்த எகிப்தியர். "யா சலாம்!" என்று அவர் சொன்னது மைக்கிலும் விழுந்தது.

இதனைப் பிழை என்னற்க. தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917இல் வெளியிட்ட 'கருணாமிர்த சாகரம்' நூலில், 22 சுருதி என்பாரை மறுத்து, ஸ்தாயி 24 சம சுருதிகளாகப் பகுபடும் என்று வாதிட்டார். 15 ஆண்டு கழித்து, 1932இல் கெய்ரோவில் கூடிய அரபு இசை மாநாட்டிலும் ஸ்தாயியை 24 சம பங்காக்கலாமா என்று பெரும் வாதம் நடந்தது, ஒருமுடிவுக்கு வரவில்லை. தஞ்சாவூருக்கும் கெய்ரோவுக்கும் ஏறக்குறைய நடுவழியில் இருக்கிறது துபாய். அங்கே ஒரு பள்ளி அரங்கில் என் காந்தாரம் இரு தரப்புக்கும் சாட்சி சொல்லியிருக்கிறது. அரை, கால், மாகாணி என்று இறங்கி, 320இல் ஒரு பங்கான முந்திரி வரை எண்ணிய தமிழர், கட்டையில் மட்டும் அரையோடு நின்றுவிட்டது ஏன் என்பது தனி ஆய்வுக்குரியது.

இவ்வளவையும் அந்த மாமியிடம் எடுத்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அடுத்த மாத நிகழ்ச்சிக்கு, கைப்பையில் சொந்தச் சுருதிப் பெட்டியோடு வந்து அதே இடத்தில் உட்கார்ந்தார். ஐந்தரையில் வைத்திருந்தார்.