ஏழாம் எண் பனியன்: கீழ்பென்னாத்தூர் ஏரியிலிருந்து ஓர் ஆய்வு

கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்துக் கிரிக்கெட் அணி ஒன்றில் மொத்தம் பதினான்கு பேர். அவர்களில் ஏழாம் எண் கேட்டவர்கள் நால்வர். கணக்கும் சமூகவியலும் ஒருசேரத் திணறும் இந்த இடத்தில்தான் இவ்வாய்வு தொடங்குகிறது.

முதன்மைச் சான்றாவணம், ஜெர்சிக்குப் பிரிண்ட் போடும் கடையின் ஆர்டர் நோட்டு. மை பட்ட கட்டைவிரல் தடத்தோடு இருக்கும் அதன் பக்கத்தில் பெயர், சைஸ், நம்பர் என்று மூன்று பத்தி. நம்பர் பத்தியில் ஒரு 7. அதன் கீழே இன்னொரு 7ஐ எழுதி அடித்து 07 ஆக்கியிருக்கிறார்கள். அப்புறம் 77. கடைசியில் 007. ஓலைச்சுவடிப் பதிப்பாளர்கள் பாடபேதம் என்பார்களே, அதேதான். மூலபாடம் யாருக்கு என்பதைக் கேப்டன் முடிவு செய்தார். கேப்டனுக்கே என்று முடிவு செய்தார்.

"தோனி நம்பரை இனிமே யாருக்கும் தரமாட்டாங்களாமே. நீங்க மட்டும் எப்படிப்பா நாலு பேர் போட்டுக்கறீங்க?" என்று ஆய்வாளர் கேட்டார். ஆய்வாளர் நான்தான்.

"அது இந்தியா டீமுக்குண்ணே. ஏரிக்கு இல்ல" என்றார் 007.

பனியன் எண்ணைப் பூட்டி வைக்கும் வழக்கத்தின் ஆட்சி எல்லையை இதைவிடச் சுருக்கமாக யாரும் வரையறுத்து நான் கேட்டதில்லை. கோடையில் தண்ணீர் வற்றினால் ஏரி மைதானம் ஆகும். அங்கே இந்தியக் கிரிக்கெட் வாரியத்தின் அதிகாரம் செல்லாது.

வாரியம் செய்தது என்னவென்று சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 2013இல் சச்சின் டெண்டுல்கர் ஓய்வு பெற்றார். அவருடைய 10 கொஞ்ச காலம் கொடியில் சும்மா தொங்கியது. 2017 ஆகஸ்டில் கொழும்பில் தன் முதல் ஒருநாள் ஆட்டத்துக்கு ஷர்துல் தாக்குர் அதைப் போட்டுக்கொண்டு இறங்கினார். ரசிகர்கள் விட்டார்களா? திட்டித் தீர்த்தார்கள். அவர் 54க்கு மாறிக்கொண்டார். அந்த ஆண்டு முடிவதற்குள், முறையான அறிவிப்பு விழா எதுவும் இல்லாமலே, 10 பீரோவுக்குள் போய்விட்டது. 2023 டிசம்பரில் தோனியின் 7ம் அதே பீரோவுக்குள் போனதாகச் செய்தி வந்தது. 1981ஆம் ஆண்டு ஏழாம் மாதம் ஏழாம் தேதி பிறந்தவருடைய எண் அது. பிறந்த தேதியையே பூட்டி வைத்த மாதிரிதான்.

இங்கே ஓர் இடைக்குறிப்பு. யாரையும் கௌரவிக்காமலே ஓர் எண்ணைப் பூட்டுவதில் தமிழர்களை அடித்துக்கொள்ள ஆளில்லை. வண்டி நம்பரின் கூட்டுத்தொகை எட்டு வந்தால் எத்தனை பேர் முகம் சுளிக்கிறார்கள்! எட்டைச் சனிக்கு எழுதிக் கொடுத்து நெடுங்காலம் ஆகிறது. ரவீந்திர ஜடேஜா அந்த எட்டையே முதுகில் போட்டுக்கொண்டு இத்தனை ஆண்டு ஓடியிருக்கிறார். எண்கணித ஜோதிடர்கள் இதற்கு இன்னும் விளக்கம் தரவில்லை.

இனி வரலாறு. முதுகில் எண் போடும் வழக்கத்துக்குத் தொடக்கத்தில் எந்தப் புனிதமும் கிடையாது. 1929இல் நியூயார்க் யாங்கீஸ் பேஸ்பால் அணி, மட்டை பிடிக்கும் வரிசைப்படி எண் கொடுத்தது. மூன்றாவதாக ஆடிய பேப் ரூத்துக்கு 3, நான்காவதாக ஆடிய லூ கெரிக்குக்கு 4. ரேஷன் கடை டோக்கன் மாதிரிதான். அந்த டோக்கன் தெய்வமானது எப்போது? 1939இல் கெரிக்குக்குத் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நோய் வந்தது. ஆட்டத்தை விட்டார். அவருக்குப் பிறகு அந்த 4ஐ யாருக்கும் தருவதில்லை என்று அணி முடிவு செய்தது. பேஸ்பாலில் பூட்டப்பட்ட முதல் எண் அதுதான். அதற்கும் முன்னால், 1934இல், கனடாவின் டொராண்டோ பனி ஹாக்கி அணி ஏஸ் பெய்லியின் 6ஐ எடுத்து வைத்தது. களத்தில் மண்டை உடைந்து, உயிர் பிழைத்து, மறுபடி ஆட முடியாமல் போனவர் அவர்.

கவனிக்க வேண்டியது இதுதான். இரண்டு எண்களையும் பூட்ட வைத்தது ஓட்டக் கணக்கோ கோப்பையோ அல்ல. ஆடிக்கொண்டிருந்த மனிதன் பாதியில் விழுந்தான், அதனால் பூட்டினார்கள்.

இதைப் புரிந்துகொள்ள அமெரிக்கா போக வேண்டியதில்லை. எங்கள் ஊர்ச் சாலையில் பஸ் ஏறித் திருவண்ணாமலையைத் தாண்டினால் செங்கம். அந்த வட்டாரம் முழுக்க நடுகற்கள். தமிழ்நாடு தொல்லியல் துறை 1972இல் 'செங்கம் நடுகற்கள்' என்றே ஒரு தனி நூல் வெளியிட்டது. ஆநிரை கவர்ந்த சண்டையில், மாட்டை மீட்கப் போய் மடிந்தவனுக்குக் கல். பெயர், ஊர், யாருடைய ஆட்சியில், எந்தச் சண்டையில் என்று வட்டெழுத்தில் வெட்டி வைத்திருக்கிறார்கள். மாட்டை மீட்டுக்கொண்டு முழுசாக வீடு திரும்பியவனுக்கு அந்தக் கல் கிடையாது. அவனுக்கு வீட்டில் சோறு உண்டு, பேரப்பிள்ளை உண்டு.

2014 நவம்பரில் சிட்னியில் பிலிப் ஹியூஸ் பந்து பட்டு விழுந்து, இரண்டு நாளில் இறந்தார். வயது 25. ஆஸ்திரேலியா அவருடைய 64ஐ ஒருநாள் அணியிலிருந்து எடுத்து வைத்தது. அது நடுகல். அதைப் பற்றி இந்தக் கட்டுரை கேலியாக எதுவும் சொல்லாது.

ஆனால் கோடியும் கோப்பையும் குவித்து, மாலை மரியாதையோடு ஓய்வு பெற்றவருக்கும் அதே கல்லா? யாங்கீஸ் அணியைப் பாருங்கள். நல்ல ஆட்டக்காரர்களை வரிசையாகக் கௌரவித்துக் கௌரவித்து, 1 முதல் 9 வரை அத்தனையும் பூட்டியாகிவிட்டது. 8ஐ இரண்டு பேருக்காகப் பூட்டியிருக்கிறார்கள். இன்றைய நட்சத்திரம் ஆரன் ஜட்ஜ் போட்டிருப்பது 99. வாடகைக்கு வீடு தேடிப் போனவனை ஊர்க் கடைசிக்கு அனுப்பிய மாதிரி இருக்கிறது.

எதிர்த்தரப்பின் மிக வலுவான சான்று மரடோனா. நேப்பிள்ஸ் கிளப் 2000இல் அவருடைய 10ஐ எடுத்து வைத்தது. அர்ஜென்டினாவும் 2002 உலகக் கோப்பையில் 10 இல்லாமலே ஆடுகிறோம் என்றது. ஃபிஃபா மறுத்தது. 1 முதல் 23 வரை விட்டுப்போகாமல் எண் இருக்க வேண்டும் என்பது அப்போதைய விதி. கிளார்க் மூளையிலிருந்து வந்த விதிதான். ஆனால் அந்த விதியின் புண்ணியத்தில்தான் 10 வெளியே இருந்தது. 2022இல் மெஸ்ஸி அதைப் போட்டுக்கொண்டு கோப்பையைத் தூக்கினார். மரடோனாவின் பெயர் அதனால் ஒரு பிடி கூடியதே தவிரக் குறையவில்லை.

கீழ்பென்னாத்தூருக்கு இந்தப் பிரச்சினை அந்நியமல்ல. ஊர் வழியே போகும் கிருஷ்ணகிரி–திண்டிவனம் சாலை முன்பு தேசிய நெடுஞ்சாலை 66. 2010இல் நாடு முழுக்க நெடுஞ்சாலைகளின் எண்களை மாற்றினார்கள். எங்கள் 66ஐக் கழற்றி, பன்வேலிலிருந்து கன்னியாகுமரி வரை மேற்குக் கடலோரமாக ஓடும் சாலைக்கு மாட்டினார்கள். எங்களுக்கு வந்தது 77. அதே 77ஐத்தான் சுப்மன் கில்லும் போட்டிருக்கிறார். 2018இல் 19 வயதுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பைக்குப் போனபோது 7 கேட்டார், காலியில்லை, இருமுறை போட்டுக்கொண்டார். கில்லுக்கும் எங்கள் ஊர்ச் சாலைக்கும் உள்ள இந்த உறவை முதன்முதலில் வெளிக்கொணரும் பெருமை இக்கட்டுரைக்கே உரியது. 66 பறிபோனதற்கு ஊரில் ஒருவர்கூட வருந்தியதாகச் சான்று கிடைக்கவில்லை. அன்றும் செஞ்சி ரோடு, இன்றும் செஞ்சி ரோடு.

எண்ணுக்கு இல்லாத பற்று பெயருக்கு உண்டு. நல்லபடியாக வாழ்ந்து முடித்தவரைக் கௌரவிக்கத் தமிழன் கண்டுபிடித்த வழி, பெயரைப் பூட்டுவது அல்ல, அடுத்தவனுக்குப் போட்டுவிடுவது. பெயரன் என்ற சொல்தான் பேரன் ஆயிற்று. தாத்தாவின் பனியனை மாட்டிக்கொண்டு இறங்கும் ஆட்டக்காரன் அவன். ஹாக்கி இந்தியா இதைக் கொஞ்சம் புரிந்துகொண்டிருக்கிறது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கோடு ஸ்ரீஜேஷ் விடைபெற்றபோது அவருடைய 16ஐ சீனியர் அணியில் எடுத்து வைத்தார்கள். ஜூனியர் அணியில் மட்டும் விட்டுவைத்தார்கள். அப்போது அங்கே பயிற்சியாளராக வந்தவரே ஸ்ரீஜேஷ்தான். மகனுக்குத் தராமல் பேரனுக்குத் தந்த கணக்கு.

இந்த முறையில் சிக்கலே இல்லையா என்றால், ஒன்று உண்டு. எங்கள் பக்கத்தில் ஏழுமலை என்ற பெயர் இல்லாத தெரு இல்லை. மாமனார் ஏழுமலை, மகனும் ஏழுமலை என்றால், நடுவில் இருக்கும் மருமகள் பாடு திண்டாட்டம். மாமனார் பெயரை வாயால் சொல்லக் கூடாது. பழைய ஆட்கள் சிலர் எண்ணும்போதுகூட அஞ்சு, ஆறு, அதுக்கடுத்தது, எட்டு என்று தாண்டிப் போவார்களாம். வாரியத்துக்கு முன்பே ஏழைப் பூட்டியவர்கள்.

கள ஆய்வின் கடைசி நாள் மாலை, விளக்கு வைக்கும் நேரம். கரைமேல் ஓர் அம்மா வந்து நின்றார். அவருக்கு வேண்டிய பையன் லாங் ஆனில் நின்றுகொண்டிருந்தான். முதுகில் பெயரும் அதுதான், எண்ணும் அதுதான். இரண்டையும் அவர் சொல்ல முடியாது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "டேய், தாத்தா பேருக்காரனே, வாடா" என்று கூப்பிட்டார்.

7, 07, 77, 007 நான்கும் திரும்பிப் பார்த்தன. பந்து நடுவே புகுந்து போய்விட்டது. நான்கு ரன்.