கப்பல் இனாமியல்: ஒரு தொடக்கநிலை ஆய்வு

ஏழு இரவுக் கரீபியன் பயணம் ஒன்றில், ஆறாம் நாள் மாலை கப்பலின் விருந்தினர் சேவை மேசைக்கு முன்னால் ஒரு வரிசை உருவாகும். கடல் கொந்தளித்தாலும் உருவாகும். பஃபேயில் அந்நேரம் இறால் வந்தாலும் உருவாகும். பவளப் பாறை, கடற்கொள்ளையர் வரலாறு என்று எதை எதையோ ஆராயும் அறிஞர் கண்ணில் இந்த வரிசை படாமல் போனது தமிழாய்வுக்கு ஓர் இழுக்கு. அக்குறையை நீக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வரிசையில் நிற்பவர்களின் கோரிக்கை ஒன்றே. தினசரி டிப்ஸ் என்று கணக்கில் ஏற்றியிருக்கும் தொகையை எடுத்துவிட வேண்டும். இதைத் தாழ்ந்த குரலில் சொல்வார்கள், பின்னால் நிற்பவர் காதில் விழாதபடி. பின்னால் நிற்பவரும் அதற்குத்தான் வந்திருக்கிறார். ஒரு மணி நேரம் கழித்து அதே மனிதரை மேல்தளத்து பாரில் காணலாம். அட்டையை நீட்டுகிறார்; விசுவாசத் திட்டத்தில் வைரப் படியை எட்டியவர் என்பதால் கோப்பை இலவசமாக வருகிறது. "கம்பெனிக்காரன் நம்மள நல்லா கவனிச்சுக்கறான்" என்று பக்கத்து இருக்கைக்காரரிடம் நெகிழ்கிறார். படுக்கையை விரித்தவனுக்குப் போகும் காசு கொள்ளை. தன் காசில் வந்த கோப்பை கொடை. இந்த இரண்டு கணக்கும் ஒரே தலைக்குள் எங்ஙனம் குடித்தனம் நடத்துகின்றன என்பதே நம் ஆய்வு வினா.

களமும் முறையும்

டெக்சஸ் மாநிலத்துக் கால்வெஸ்டன் துறைமுகம் இதற்கு ஏற்ற களம். கார்னிவல் கப்பல்கள் 2000 முதல் ஆண்டு முழுவதும் அங்கிருந்து கிளம்புகின்றன. 2022 நவம்பரில் ராயல் கரீபியன் தனக்கென ஒரு முனையமே திறந்தது. ஹூஸ்டனிலிருந்து காரில் ஒரு மணி நேரம். ஆகவே நவம்பர் விடுமுறையிலோ மார்ச் மாதப் பள்ளி விடுமுறையிலோ ஏறினால், லிஃப்டில் நாலு தளம் போவதற்குள் "நீங்க சுகர்லேண்டா, கேட்டியா?" என்று ஹூஸ்டன் புறநகர்களின் பெயரைச் சொல்லி யாராவது தமிழில் விசாரித்துவிடுவார்கள். தரவு திரட்டிய முறை, பக்கத்து மேசைப் பேச்சை ஒட்டுக்கேட்டல். களப்பணியின் பெரும்பகுதி வாயில் உணவோடு நடந்தமையால் முடிவுகளில் சற்றே சாய்வு இருக்கலாம்.

அடிப்படை எண்கள் வருமாறு. ராயல் கரீபியன் ஒரு கட்டத்தில் தினசரி டிப்ஸை ஆள் ஒன்றுக்குச் சாதாரணக் கேபினில் 18.50 டாலர், ஸ்வீட்டில் 21 டாலர் என்று உயர்த்தியது. தொட்டிலில் கிடக்கும் குழந்தையும் ஓர் ஆளே. நால்வர் குடும்பம் ஏழு இரவு போனால் 518 டாலர். பாரில் வாங்குவதற்குத் தனியே 18 விழுக்காடு. கோப்பையை நாமே மேசைக்குத் தூக்கிவந்தாலும் அந்த 18 உண்டு.

டிப்ஸ் மீதான மனத்தாங்கலுக்கு நீண்ட மரபிருக்கிறது. 1909 இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம் டிப்ஸையே சட்டத்தால் தடுத்தது. வேறு சில மாநிலங்கள் பின்தொடர்ந்தன. 1916 இல் வில்லியம் ஸ்காட் என்பவர் 'தி இட்சிங் பாம்' என்றொரு முழு நூலே எழுதினார். குடியாட்சி நாட்டில் ஒருவன் இன்னொருவனுக்கு இனாம் நீட்டுவது பிரபுக்களின் எச்சம் என்பது அவர் கட்சி. 1926 க்குள் அத்தனை சட்டங்களும் ரத்தாயின. நம் வரிசைக்காரர்களை ஸ்காட்டின் வாரிசுகள் எனக் கொள்வது பிழை. என்னையெனின், அவர்களுக்குப் பிரபுத்துவத்தோடு சண்டை கிடையாது. பிரபுவாக இருக்கச் சம்மதம். பிரபு செய்யவேண்டிய செலவில்தான் தகராறு.

உறை யுகம்

டிப்ஸ் தானாகக் கணக்கில் ஏறுவது பிற்கால வழக்கு. அதற்கு முன் நிலவியது உறை யுகம். இரவுணவு இரண்டு பந்தி. ஆறு மணி வாக்கில் ஒன்று, எட்டேகால் எட்டரைக்கு ஒன்று. முதல் நாள் எந்த மேசையோ கடைசி நாள்வரை அதே மேசை, அதே வெயிட்டர், அதே உதவி வெயிட்டர். பயணம் முடியும் தறுவாயில் கேபினில் வெற்று உறைகள் வந்து கிடக்கும். வெயிட்டருக்கு ஒன்று, உதவி வெயிட்டருக்கு ஒன்று, தலைமை வெயிட்டருக்கு ஒன்று, அறையைச் சுத்தம் செய்தவருக்கு ஒன்று. கல்யாண மேடையில் மொய்க்கவர் கொடுப்பதுபோல ஒவ்வொருவர் கையிலும் வைத்து, சிரித்து, படம் எடுத்துக்கொண்டு இறங்குவார்கள். மொய்நோட்டு கிடையாது என்பதால் யார் எவ்வளவு வைத்தார் என்பது வெயிட்டர் கீழ்த்தளத்துத் தன் அறைக்குப் போய்ப் பிரித்த பின்பே தெரியவரும்.

அந்த யுகத்துக் கருமி கடைப்பிடித்த உத்தி எளிது. கடைசி இரவு சாப்பாட்டுக் கூடத்துப் பக்கமே தலைகாட்டமாட்டான். ஆறு இரவும் இனிப்பில் மூன்று வகை கேட்டு வாங்கித் தின்றவன், ஏழாம் இரவு திடீரென எளிய வாழ்வில் நாட்டம் கொண்டு, பஃபேயின் ஒரு மூலையில் பீட்சாத் துண்டோடு ஒதுங்கிவிடுவான்.

2000 இல் நார்வீஜியன் க்ரூஸ் லைன் 'ஃப்ரீஸ்டைல்' முறையைக் கொண்டுவந்தது. நினைத்த நேரத்தில் நினைத்த இடத்தில் உண்ணலாம். ஏழு இரவுக்கு ஏழு வெயிட்டர் என்றானபின் எந்தக் கவரை யாரிடம் கொடுப்பது? கணக்கில் ஏற்று, பிறகு பங்கிடு என்பதே வழியாயிற்று. ராயல் கரீபியன் 2013 இல் இவ்வழிக்கு வந்தது. கருமியும் இடம் பெயர்ந்தான். முன்பு அவன் ஒரு மனிதனின் கண்ணுக்குத் தப்பினால் போதும். இப்போது ஒரு மேசைக்கு முன் நின்று வாயைத் திறந்து கேட்கவேண்டும். உறை யுகத்துக் கருமிக்குக் கூச்சம் இருந்தது என்பதை வரலாற்று நேர்மை கருதிப் பதிவு செய்கிறோம்.

ஊண் இயல்

கப்பல் கட்டணத்திலேயே சாப்பாடு அடக்கம் என்று விளம்பரம் சொல்லும். நம்மவர் மனம் அதை அப்படியே ஏற்பதில்லை. தின்று தீர்த்தால்தான் அடக்கமாகும் என்று எண்ணுகிறது. இதனால் விளையும் பஃபே நிகழ்வுகளை விரிக்கின் பெருகும். கைகழுவும் இடத்தில் நின்று பாட்டுப் பாடியபடி பயணிகளைக் கழுவவைக்கும் பணியாளர், துறைமுகத்தில் ஏறிச் சோதிக்கும் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்து ஆய்வாளர் ஆகியோரும் இவ்வியலுக்கு உரியவர்களே. அந்த மையம் 1975 முதல் கப்பல்களைத் தூய்மைக்காகச் சோதித்து நூற்றுக்கு மதிப்பெண் இடுகிறது. 85 வாங்கினால் தோல்வி. 75 வாங்கினால் டிஸ்டிங்ஷன் என்று வளர்ந்த தலைமுறைக்கு இது சற்று மிரட்சி தருவது.

நாம் கவனிக்க வேண்டியது பிரதான உணவுக்கூடம். அங்கே மெனுவில் இந்திய சைவ வகை ஒன்று இருக்கும். மெனுவில் எழுதாத உலகம் வேறு. அதன் சாவி தலைமை வெயிட்டரிடம் இருக்கிறது. முந்தின இரவே சொல்லிவைத்தால் பருப்பு, ஆலு கோபி, ராய்த்தா, அப்பளம், ஊறுகாய் என்று தனியாக வந்து இறங்கும். இந்தக் கல்வி ஏட்டில் இல்லை, செவிவழியாகவே கடத்தப்படுகிறது.

ஒரு மேசையை அருகிருந்து கண்டோம். கணவர், மனைவி, மனைவி மடியில் பாஸ்தாவைக் கண்டால் வாயை இறுக மூடிக்கொள்ளும் ஒரு பெண்குழந்தை, ரொட்டியை மட்டுமே தின்று வாழும் ஒரு பையன். வெயிட்டர் நாகர்கோவில் பக்கம். கேட்டரிங் படித்துவிட்டு மும்பை வழியாகக் கப்பலேறியவர். எட்டு மாத ஒப்பந்தம், வாரவிடுமுறை கிடையாது.

"சார், பாப்பாவுக்கு நாளைக்குத் தயிர்சாதம் சொல்லி வச்சிரட்டுமா? அக்கா, ஊறுகாய் நான் பாத்துக்கறேன்."

மறுநாள் வந்தது. கடுகு தாளித்து, மேலே நாலு மாதுளை முத்து போட்டு, மெக்ஸிகோ வளைகுடாவின் நடுவில். குழந்தை வாயைத் திறந்தது. அந்த வெயிட்டர் தட்டை வைத்துவிட்டு உடனே போகவில்லை. முதல் கவளம் உள்ளே இறங்கும்வரை, கையிலிருந்த துணியை மடிப்பதுபோல நின்றிருந்தார்.

ஆறாம் நாள் மாலை கணவர் வரிசைக்குக் கிளம்புகையில் நிகழ்ந்த உரையாடல் இவ்வாய்வின் முதன்மைத் தரவு.

"ஏங்க, அந்தத் தம்பி நமக்காகச் சமையக்கட்டுல போய்ச் சொல்லி வாங்கியாந்துச்சு. எடுக்காதீங்க."

"அவனுக்குக் கையில தனியா குடுத்துக்கலாம். இது கம்பெனிக்கில்ல போகுது?"

"கையில எவ்ளோ?"

"இருபது."

518 இருந்த இடத்தில் 20. இதற்குக் 'கைவழி வாதம்' எனப் பெயரிடுகிறோம். இதன் அழகு, கொடுப்பவர் ஒரே நேரத்தில் மிச்சமும் பிடிக்கிறார், வள்ளலும் ஆகிறார். கணக்கில் ஏறும் டிப்ஸ் உணவுக்கூடத்தார், கேபின் பணியாளர், திரைக்குப் பின்னே உழைக்கும் பிறர் எனப் பலருக்குப் பிரிகிறது. அந்தத் தயிர்சாதத்துக்குக் கடுகு தாளித்தவரை இவர் கண்டதே இல்லை. காணாத கையில் இருபதை வைப்பது எப்படி? கடைசி இரவு அதே வெயிட்டர், "சார், சர்வே வந்தா என் பேர எழுதுங்க" என்று கேட்டார். கணவர் உடனே ஒப்புக்கொண்டார். எழுதவும் செய்தார், எழுத்துப்பிழை இல்லாமல்.

படி இயல்

இனி விசுவாசம். ராயல் கரீபியனில் இதற்குக் கிரவுன் அண்ட் ஆங்கர் சொசைட்டி என்று பெயர். சாதாரணக் கேபினில் ஓர் இரவுக்கு ஒரு புள்ளி, ஸ்வீட்டில் இரண்டு. 3 புள்ளியில் கோல்டு, 30 இல் பிளாட்டினம், 55 இல் எமரால்டு, 80 இல் டைமண்ட், 175 இல் டைமண்ட் பிளஸ், 700 இல் பின்னக்கிள். தங்கத்தைவிடப் பிளாட்டினம் உசத்தி என்பது நகைக்கடை அறிவு. மரகதம் பிளாட்டினத்தைத் தாண்டியது எப்படி என்பது நகையாசாரிக்கே விளங்காதது. 700 இரவு என்பது ஏறக்குறைய இரண்டு ஆண்டுக் கடல்வாழ்வு. மாலுமி அவ்வளவு நாள் கடலில் இருந்தால் சம்பளம் கிடைக்கும்.

வைரப் படியின் தலையாய பேறு நாளுக்கு நான்கு பானம். இதன் விலையைக் கணக்கிடுவோம். எண்பது இரவுக்கு, 18.50 வீதம், டிப்ஸ் மட்டுமே ஆளுக்கு 1,480 டாலர். கேபின் கட்டணம், விமானம், ஒன்பதாம் தளத்துப் புகைப்படக்காரர் எடுத்துத் தலையில் கட்டிய படம் எதுவும் இதில் சேரவில்லை. அந்த எண்பது இரவையும் தாண்டியவர்தான் நான்காம் கோப்பையைப் பெரும்பாலும் தாகமின்றியே வாங்குகிறார். விட்டால் வீணாகுமாம்.

கார்னிவலின் பழைய திட்டத்தில் தங்கப் படிக்காரருக்கு ஒரு தண்ணீர் பாட்டிலும் சட்டையில் குத்திக்கொள்ள ஒரு பின்னும் உண்டு. தண்ணீர் கப்பலில் எங்கும் இலவசம். ஆனால் கேபினுக்குள் காத்திருக்கும் பாட்டில் பெயரறிந்து வந்தது. குடிக்காமல் ஊருக்கு எடுத்துச்சென்றவரையும் கண்டோம். ஈண்டு நம் வினாவுக்கு விடை கிடைத்துவிடுகிறது. டிப்ஸில் மற்றவன் பெயர் இருக்கிறது, பாட்டிலில் தன் பெயர் இருக்கிறது.

தடையும் விடையும்

அற்றேல், டிப்ஸைக் கட்டணத்திலேயே சேர்த்துவிட்டால் வரிசை ஒழியாதோ எனின், ஒழியும். பிரிட்டனின் பி அண்ட் ஓ நிறுவனம் 2019 மே முதல் சேவைக் கட்டணத்தைத் தனியே வாங்குவதை நிறுத்திவிட்டது. ஆயின் அமெரிக்க நிறுவனங்கள் ஏன் செய்யவில்லை எனின், காரணம் விளம்பரத்தில் இருக்கிறது. கட்டாயக் கட்டணங்களைச் சேர்த்தே விலையைக் காட்டவேண்டும் என்னும் கலிஃபோர்னியச் சட்டம் 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. கப்பல் நிறுவனங்கள் வரியையும் துறைமுகக் கட்டணத்தையும் சேர்த்தன. டிப்ஸைச் சேர்க்கவில்லை, ஏனென்றால் ஏட்டளவில் அது விருப்பக்கொடை. விருப்பக்கொடை என்பதால் விலையில் தெரியவேண்டாம். தானாக ஏறுவதால் வசூலும் தவறாது. ஆறாம் நாள் வரிசை இந்த ஏற்பாட்டின் கிழிசல். அதை நிறுவனம் தைக்காமல் விட்டுவைத்திருப்பது தெரிந்தேதான்.

இரவை எண்ணிப் படியேற்றும் முறைக்கும் இப்போது ஆபத்து. கார்னிவல் 2025 இல், அடுத்த ஆண்டு முதல் செலவழிக்கும் தொகையை வைத்தே படி நிர்ணயம் என்று அறிவித்தது. மலிவான உள்கேபினில் இரவு இரவாகச் சேர்த்து ஏறியவர்கள் கொதித்துப்போனார்கள். அது வேறு ஆய்வுக்குரியது.

மேலும் ஒரு சிக்கல் களத்தில் புலப்பட்டது. ஹூஸ்டன்காரர்களுக்குக் கப்பல் வீட்டு வாசலில் நிற்பதால், சில பயணங்களில் வைரப் படியினர் எண்ணிக்கை அளவுகடந்துவிடுகிறது. ஏறும் நாளன்று முன்னுரிமை வரிசை முனைய வாசல்வரை நீண்டு வெயிலில் வந்து நின்றது. பக்கத்தில் சாதாரணப் பயணிகள் வரிசையில் பத்துப் பேர், அவர்களும் நிழலில். இந்தப் பக்கம் வந்தால் உடனே ஏறிவிடலாமே என்று வைரப்பின் குத்திய ஒருவரிடம் சொன்னோம். அவர் நம்மை ஏற இறங்கப் பார்த்தார்.

"அப்ப எண்பது ராத்திரி நான் எதுக்குக் கடல்ல கெடந்தேன்?"