கீறாத தட்டு, கேக்காத பாட்டு

எய்யா, பேரப்புள்ள! பட்டணத்துலருந்து பெட்டி நிறையப் பாட்டுப் பிளேட்டு வாங்கியாந்துருக்கயாமே. ஒன் அத்தை வந்து சொல்லிட்டுப் போறா. ஒண்ணு ஆயிரத்துக்கு மேலயாம். "ஒரு கீறல்கூடக் கிடையாது, அலுங்காம இருக்கு"ன்னு தெருவெல்லாம் காட்டுனயாம். சந்தோசம். இப்படித் திண்ணையில உக்காரு. ரேடியோ செட்டுக்காரன் பின்னால குழாயையும் பெட்டியையும் தூக்கிட்டு ஊரு ஊரா அலைஞ்ச கிழவன் நாலு புத்தி சொல்லுதேன். பிளேட்டுக்குத்தான் காசு கொடுத்துட்ட; புத்தி இனாம்.

முதல் புத்தி: கீறல் இல்லாத பிளேட்டைக் கண்டா சந்தேகப்படு. நாப்பது வருசமா ஒண்ணு அலுங்காம இருக்குன்னா, அதை எவனும் கேக்கலைன்னு அர்த்தம். நல்ல பாட்டு உள்ள பிளேட்டை உறையில தூங்க விட்டது யாரு? அம்மன் கொடைக்குப் போச்சு, சடங்கு வீட்டுக்குப் போச்சு, கல்யாண வீட்டுக்குப் போச்சு. விடியக்காலம் சீர்காழியோட பிள்ளையார் பாட்டுல ஆரம்பிச்சா, பந்தல் பிரிக்கிற வரைக்கும் ஓட்டம்தான். முள்ளு மழுங்குனாலும் முதலாளி மாத்த மாட்டாரு. முள்ளு துள்ளுச்சுன்னா, அது தலையில பழைய அஞ்சு பைசா ஒண்ணை வைப்பாரு, அந்தச் சதுரக் காசு. அதுக்கும் அடங்கலையா, இன்னொரு காசு. துள்ளல் நின்னுரும். பிளேட்டோட ஆயுசும் அதோட பாதியாப் போயிரும்.

நம்பலையா? ஊரு ஓட்டுன பழைய பிளேட்டு ஒண்ணை வெயிலுக்குச் சாய்ச்சுப் பாரு. ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவுல வரப்பு போட்டாப்புல ஒரு கோடு தெரியும். ரெண்டு கோட்டுக்கு நடுவுல எது நரைச்சுச் சாம்பல் பூத்துக் கிடக்கோ, அதுதான் ஊரு கேட்ட பாட்டு. எது இன்னும் கருகருன்னு மின்னுதோ, அது வில்லன் கூட்டம் கிளப்புல ஆடுன பாட்டு. அது வந்ததும் பந்தல்ல ஒருத்தன் "முள்ளைத் தூக்குடா"ம்பான். எந்தப் பாட்டு நின்னுச்சு, எது நிக்கலைன்னு தெரிஞ்சுக்கப் பொஸ்தகம் வேண்டாம்யா; அந்த நரைதான் கணக்கு.

ரெண்டாவது, எண்பதுல வந்ததெல்லாம் தங்கம்னு எவன்கிட்டயும் சொல்லித் தொலைக்காத. 1982ஐ மட்டும் எடுத்துக்கோ. பயணங்கள் முடிவதில்லை, நினைவெல்லாம் நித்யா, மூன்றாம் பிறை எல்லாம் அந்த ஒரே வருசம். இளையராசா கை அப்படி ஓடுச்சு, இல்லைங்கல. ஆனா அதே வருசம் வந்த நாள் தெரியாம, போன நாள் தெரியாமப் போன படம் எத்தனை! அதுக்கெல்லாமும் பாட்டு இருந்துச்சு, பாவம். இன்னொண்ணும் கேட்டுக்கோ. 1976ல அன்னக்கிளி வந்தப்ப எங்கய்யா துண்டை உதறிட்டு எந்திரிச்சாரு, "விஸ்வநாதன் பாட்டுக்கு இது உறை போடக் காணுமா"ன்னாரு. அவுக அய்யாவோ பாகவதர் ஆளு. அவருக்கு அந்த விஸ்வநாதனே இரைச்சல். இப்ப நீ எண்பதுக்கு ஒப்பாரி வைக்க. பொறு, ஒன் மகன் இன்னைக்கு நீ திட்டுற பாட்டுக்கு ஒப்பாரி வைப்பான். அப்ப வா, அவனுக்கும் திண்ணை இருக்கு.

மூணாவது, சுத்தமான சத்தம், கலப்படமில்லாத சத்தம்னு பீத்திக்காத. 1978ல பிரியா படத்துப் பாட்டை ஸ்டீரியோவுல பதிஞ்சாக. வீணை ஒரு காதுக்கு, வயலின் ஒரு காதுக்குன்னு பிரிச்சுக் கேக்குற ஏற்பாடு அது. நாங்க என்ன செஞ்சோம்? வேப்பமரத்துல ஒத்தைக் குழாயைக் கட்டி, மேலத்தெருவுக்கும் கீழத்தெருவுக்கும் ஒரே சத்தமா ஊத்துனோம். சாயங்காலம் எல்லாரும் பம்புசெட்டைப் போட்டா கரண்டு இறங்கும். பிளேட்டு மெதுவாச் சுத்தும். ஜானகி பாடிக்கிட்டே இருக்கயில ஆம்பளைக் குரலாப் போயிரும். அப்பயும் ஒருத்தனும் எந்திரிச்சுப் போகலை. இன்னும் கேளு, 1986ல புன்னகை மன்னன்லயே ராசா கம்ப்யூட்டரை வச்சு வாசிச்சுட்டாரு. நீ என்னமோ கம்ப்யூட்டர் தொடாத காலத்தை விலைக்கு வாங்குன மாதிரி நெஞ்சை நிமித்துத.

நாலாவது, இந்தப் பிளேட்டை நாங்க எப்படித் தலை முழுகுனோம்னு தெரியுமா? கேசட்டு வந்துச்சு, ஒரு சொட்டுக் கண்ணீர் விடலை. கோவில்பட்டிக்குப் பஸ் ஏறி, பிடிச்ச பாட்டை எல்லாம் ஒரு தாள்ல எழுதி ரெக்கார்டிங் சென்டர்ல குடுப்போம். தொண்ணூறு நிமிசக் கேசட்டுல பக்கத்துக்கு நாப்பத்தஞ்சு நிமிசம். பிளேட்டுன்னா இருவது நிமிசத்துக்கு ஒருக்க எந்திரிச்சுத் திருப்பிப் போடணும். படுத்துக்கிட்டே பாட்டுக் கேக்கலாம்னு தெரிஞ்ச பிறகு எவன் எந்திரிப்பான்? 1984ல விதி படம் வந்துச்சு. பாட்டை விட்டுட்டுக் கோர்ட்டு வசனத்தைக் கேசட்டுல போட்டு டீக்கடை டீக்கடையா அலற விட்டானுக. பிளேட்டெல்லாம் பரணுக்குப் போச்சு, அங்கருந்து பழைய இரும்புக்காரன் தட்டுக்குப் போச்சு. ஒரு மகராசி வெந்நியில முக்கி, வளைச்சு, பூத்தொட்டி ஆக்குனா. மெட்ராசுல பழைய பிளேட்டுக்குப் பேர்போன மூர் மார்க்கெட்டும் 1985ல எரிஞ்சு போச்சு. நாங்க கழிச்சதைத்தான்யா நீ ஆயிரம் கொடுத்து வாங்கியிருக்க. பேரம் பேசுனயா, அதையாவது சொல்லு.

சரி, மூஞ்சியத் தூக்காத. வாங்குனது வாங்கிட்ட, காப்பாத்துற வழியையும் கேட்டுக்கோ. அடுக்கி மேல மேல படுக்கப் போடாத. நிக்க வையி, இல்லைன்னா நெளிஞ்சுரும். வெயில் படுற சன்னல்கிட்ட வைக்காத. கோடு ஓடுற இடத்துல விரல் படாம, விளிம்பையும் நடுவையும் பிடிச்சுத் தூக்கு. ஒன் பிளேட்டும் நம்ம தோட்டத்துத் தண்ணிக் குழாயும் ஒரே பிவிசி. காஞ்ச துணியால தேய்ச்சயோ, கரிசக்காட்டுப் புழுதி பூராவையும் இழுத்து வச்சுக்கும். தாத்தன் காலத்து எழுபத்தெட்டுச் சுத்துப் பிளேட்டு எதுவும் கிடைச்சா, அது அரக்கு; கை தவறுனா சில்லு சில்லாப் போயிரும். அதுக்கு முள்ளே வேற. ஒன் நைசான முள்ளை அதுல வச்சுப் பாழாக்காத. அஞ்சு பைசா வித்தையை மட்டும் காதுல வாங்காத. அது எங்க முதலாளியோட போகட்டும்.

கடைசிப் புத்தி இதுதான். கண்ணாடி பீரோவுல பூட்டி, விருந்தாடி வரும்போது உறையை மட்டும் காட்டுற வேலை வேண்டாம். ஓட்டு. ஒன் பொண்டாட்டிக்குப் பிடிச்ச பாட்டு எதுன்னு கேட்டு அதை நரைக்க நரைக்க ஓட்டு. நாளைக்கு ஒன் மகன் வெயில்ல சாய்ச்சுப் பாக்கும்போது, எங்க வீட்டுல இன்ன பாட்டு ஓடியிருக்குன்னு அவனுக்குத் தெரியணும். அப்பயும் அது புத்தம் புதுசா மின்னுச்சுன்னா, நீ பாட்டுக் கேக்கலை, பிளாஸ்டிக்குக்குக் காவல் இருந்திருக்க.

போம்போது ஒண்ணு. பழைய கடைக்காரன் கீறல் விழுந்ததுன்னு ஒரு கட்டைத் தனியா ஒதுக்கி வச்சிருப்பான், சும்மா குடுத்தாலும் தூக்கிட்டுப் போகட்டும்னு. அதை வேண்டாம்னு விட்டுட்டு வந்திருப்ப. அடுத்த தடவை போனா அள்ளிட்டு வந்து இந்தத் திண்ணையில போடு. புதுசு மாதிரி இருக்கிறதை எல்லாம் நீயே வச்சுக்கோ; நல்ல பாட்டெல்லாம் எங்கிட்ட இருக்கட்டும்.