சத்தம் போடாத டைப்ரைட்டர்

'நாய்ஸ்லெஸ்' என்று பெயர் வைத்துவிட்டால் பாதி சத்தம் அடங்கிவிடும் என்று நம்பியவர்கள் அமெரிக்கர்கள். வெலிங்டன் பார்க்கர் கிடர் வடிவமைத்து, கனெக்டிகட் மாநிலத்து மிடில்டவுனில் தயாரான அந்த டைப்ரைட்டரை 1924இல் ரெமிங்டன் நிறுவனம் தன்னோடு சேர்த்துக்கொண்டது.

மற்ற இயந்திரங்களில் எழுத்து காகிதத்தை அறையும். இதில் மூட்டு மூட்டாக மடங்கும் கம்பிகள் எழுத்தை முன்னே கொண்டுபோய், ஒரு சிறு எடையின் உந்தலில் மெல்ல அழுத்தும். அடிதடியே கிடையாது. 'டக்' என்பது 'தொப்' ஆனது, அவ்வளவுதான். வரி முடிந்தால் மணி மட்டும் வழக்கம்போல் ஊரைக் கூட்டும்.

அகிம்சைக்கும் விலை உண்டு. பழைய எண்ணெய் பிசினாக இறுகினால், எழுத்து பாதி வழியில் நின்று யோசிக்கும், அரசாங்கக் கோப்பு மாதிரி. ரப்பர் உருளை வயதாகிக் கல்லானால், அச்சு மங்கி, கடிதத்தைப் படிக்க வெளிச்சத்தில் சாய்த்துப் பிடிக்க வேண்டும். கார்பன் பிரதிகளை அடுக்கினால் கடைசித் தாளுக்குச் செய்தியே போய்ச் சேராது. அழுத்தத்தைக் கூட்ட ஒரு வழி இருக்கிறது. கூட்டினால் சத்தமும் கூடவே வந்துவிடும், பிறகு எதற்கு இந்த இயந்திரம்?

அப்படியும் ஒன்று வாங்கியே தீருவேன் என்பவர்கள், பளபளப்பைப் பார்த்து மயங்காமல் முதலில் உருளையில் நகத்தை அழுத்திப் பாருங்கள். இறங்கவில்லையென்றால் விலையை இறக்கச் சொல்லுங்கள்.