சோழர் கொடுத்த பட்டியல்

உபுண்டு லினக்ஸைப் புதிதாக நிறுவினால் உலாவி தானாக வந்து உட்கார்ந்திருக்கும். சி மொழியில் நாலு வரி எழுதி ஓட்டப் பார்த்தால் மட்டும், ‘ஜிசிசியா, யார் அது?’ என்று கேட்கும். சி நிரலை இயங்கும் வடிவுக்கு மாற்றித் தரும் ஜிசிசியை அழைத்து வந்தால் ‘மேக் எங்கே?’ நிரலைக் கட்டித் தரும் அந்தக் கருவியையும் தேடித் தந்தால் ‘இசட்லிப்.ஹெச் இல்லை’. தரவைச் சுருக்கும் இசட்லிப் நூலகம் உள்ளேதான் இருக்கிறது. அதன் தலைப்புக் கோப்பு மட்டும் ‘டெவ்’ என்ற வால் முளைத்த வேறொரு தொகுப்பில் தனிக்குடித்தனம் நடத்துகிறது.

வேண்டியதையெல்லாம் ஒரே பட்டியலில் போடச் சோழர்களுக்குத் தெரிந்திருந்தது. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற திருமுக்கூடலில், வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு உண்டு. 11ஆம் நூற்றாண்டில் அங்கே நடந்த ஆதுலர்சாலை என்ற மருத்துவமனைக்கு வேண்டியதெல்லாம் அதில் இருக்கிறது: 15 படுக்கைகள், மருத்துவர், அறுவை செய்பவர், மூலிகை கொண்டுவர ஆட்கள், பணிப்பெண்கள், நாவிதர், மருந்துகள் ஒவ்வொன்றும் பெயரோடு. நோயாளியைப் படுக்க வைத்துவிட்டு, ‘மூலிகை தனித் தொகுப்பு, நீங்களே போய்ப் பறித்துக்கொள்ளுங்கள்’ என்று யாரும் சொன்னதாகக் கல்வெட்டில் இல்லை.

உபுண்டுக்காரர்களும் பட்டியல் போடாமல் இல்லை. ‘சூடோ ஆப்ட் இன்ஸ்டால் பில்ட்-எசென்ஷியல்’ என்று அடித்தால் ஜிசிசி, ஜி++, மேக், சி நூலகத்தின் தலைப்புக் கோப்புகள் எல்லாம் ஒரே வண்டியில் வந்து இறங்கும். இசட்லிப்புக்கு மட்டும் இன்னொரு வண்டி. எல்லாவற்றையும் முதலிலேயே நிறுவாததற்குச் சொல்லப்படும் காரணம், இடச் சிக்கனம். உபுண்டு 24.04இன் நிறுவல் கோப்பு ஐந்து ஜிபியைத் தாண்டுகிறது. சிக்கனம் பிடித்திராவிட்டால் எங்கே போய் நின்றிருக்குமோ!