எட்டு ஏ அம்மா

கிள்ளானிலும் பிரிக்பீல்ட்சிலும் எட்டு ஏ அம்மாவைத் தேடவே வேண்டாம். பள்ளி விடும் நேரத்தில் வாசலை அடைத்து நிற்கும் காடியில் இருப்பார். பிள்ளை கதவைச் சாத்துமுன் கேள்வி வரும்: "பேப்பர் குடுத்தாங்களா?"

தமிழ்ப்பள்ளியில் யூ.பி.எஸ்.ஆர். ஏழு தாளாக இருந்தவரை இவர் ஏழு ஏ அம்மா. 2016இல் ஆங்கிலம் இரண்டு தாளானதும் பதவி உயர்வு பெற்றார். 2021இல் தேர்வையே ரத்து செய்தார்கள். கல்வி அமைச்சின் முடிவு அம்மாவைக் கட்டுப்படுத்தாது. தேர்வு வாரியம் இப்போது சாப்பாட்டு மேசையில் இயங்குகிறது.

இன்று பள்ளியில் வகுப்பறை மதிப்பீடு, டி.பி. என்னும் அடைவுநிலை ஒன்று முதல் ஆறு வரை. "பிள்ளைகளை ஒப்பிடாதீங்க" என்று ஆசிரியர் விளக்கியபோது முன்வரிசையில் தலையாட்டியவர் இவர்தான். வெளியே வந்ததும் வாட்ஸ்அப் குழுவில் போட்டார்: "யார் யாருக்கு டி.பி. ஆறு?"

மகள் 98 வாங்கினால் பாராட்டும் உண்டு. "பரவால்ல" என்பதே அந்தப் பாராட்டு.

அவரைக் குறை சொல்லவும் முடியாது. பால்மரம் வெட்டிய குடும்பத்தைத் தோட்டத்திலிருந்து நகரத்துக்குக் கொண்டுவந்தது படிப்பு. எஸ்.பி.எம்.மில் 10 ஏ எடுத்தால் எந்த இனத்தவருக்கும் மெட்ரிகுலேஷன் இடம் என்று 2024இல் அரசே அறிவித்தது. ஏ-க்கு விலை இருக்கிறது.

அந்த விலையை மகள் இப்போதே தவணையில் கட்டுகிறாள். எழுதுவதைவிட அழிப்பது அதிகம். நோட்டில் தாள் கிழிந்திருக்கும். விடை தெரிந்தாலும் கை தூக்கமாட்டாள். ஞாயிறு இரவானால் வயிற்றுவலி. பள்ளி விடுமுறையில் வலிக்கும் லீவு.

"பிள்ளைக்கு ஓய்வு வேணும்மா" என்றார் டாக்டர். அன்றே அட்டவணையில் 6.10 முதல் 6.25 வரை 'ஓய்வு' ஏறியது. பக்கத்திலேயே உட்கார்ந்து கண்காணிக்கிறார்: "ஒழுங்கா ரெஸ்ட் எடு, ஏன் அசையிற?"

பள்ளியில் மனவுறுதிப் பயிலரங்கு என்றதும் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தார். "இதுல யாரு முதல்னு அறிவிப்பீங்களா?"

விஷயத்தைப் போட்டு உடைத்தவர் பாட்டி. "ஆறாம் ஆண்டுல உங்கம்மாவுக்குக் கணக்குல சி. அழுதா. அப்புறம் மைலோ குடிச்சிட்டுப் பூப்பந்து ஆடப் போயிட்டா."

பேத்தி நிமிர்ந்தாள். சி வாங்கியவர்களும் பெரியவர்களாகி, வேலைக்குப் போய், காடி ஓட்டுகிறார்கள்! எந்த டியூஷனிலும் அவளுக்கு யாரும் இதைச் சொல்லித் தந்ததில்லை.

"உண்மையாம்மா?"

எட்டு ஏ அம்மா ஒரு கணம்கூடத் தடுமாறவில்லை.

"அந்தக் காலத்து சி, இந்தக் காலத்து ஏ-க்குச் சமம். நீ எழுது."