ஒருக்களித்த தலை

தலை இடப்பக்கம் தோளில் சாய்ந்திருக்கும். இரண்டுக்கும் நடுவே கைபேசி நசுங்கிக்கொண்டிருக்கும். வண்டி மணிக்கு இருபது கிலோமீட்டர் வேகத்தில், இடமும் இல்லாமல் வலமும் இல்லாமல் சாலையின் நட்டநடுவே போய்க்கொண்டிருக்கும். பின்னால் வரும் மாநகரப் பேருந்து ஹாரனை அழுத்திப் பிடித்தபடி அலறும். இவர் அதைக் கேட்டுவிட்டு, "என்ன மச்சான், ஒரே இரைச்சலா இருக்கு, எங்க இருக்க?" என்று மறுமுனையை விசாரிப்பார். மச்சான் பாவம், வீட்டுக் கூடத்தில் இருப்பார். வலது கை ஆக்சிலரேட்டரை விட முடியாது. இடது கையோ பேச்சுக்கு வேண்டும். கை ஆட்டாமல் பேச அவருக்கு வராது. "அவன் கிடக்கான், தள்ளு" என்று இடது கையால் காற்றைத் தள்ளுவார். நமக்குத்தான் வழிவிடுகிறார் என்று ஆட்டோக்காரர் இடப்பக்கம் நுழைவார். அதே நொடியில் "முடியவே முடியாதுன்னு சொல்லிடு" என்று அந்தக் கை விரியும். ஆட்டோ கிரீச்சிட்டு நிற்கும். ஆட்டோக்காரர் சொல்லும் வார்த்தைகள் இவர் காதில் விழாது. இருக்கிற இரண்டு காதில் ஒன்றைக் கைபேசி அடைத்திருக்கிறது. மற்றது ஆகாயத்தைப் பார்த்திருக்கிறது.

2015 ஜூலை 1 முதல் ஹெல்மெட் கட்டாயம் என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது, தலை வேர்க்கிறது, முடி கொட்டுகிறது என்று ஊரே முனகியது. முனகாமல் கடைக்குப் போய் வாங்கியவர் இவர். ஹெல்மெட்டுக்கும் கன்னத்துக்கும் நடுவில் கைபேசியைச் செருகினால் எந்தப் பள்ளத்திலும் விழாது என்ற உண்மை அவருக்கு முதல் நாளே பிடிபட்டுவிட்டது. உயிர் காக்க வந்த பொருள் ஒரு நல்ல கைபேசி ஸ்டாண்டாக வாழ்க்கையைத் தொடங்கியது. தோளின் உதவி இனித் தேவையில்லை, தலை நிமிரும் என்றுதானே நினைப்போம்? நிமிரவில்லை. செருகிய பிறகும் சாய்த்துத்தான் பேசுகிறார். வீட்டில் இரண்டு கையும் சும்மா இருக்கும்போதும் தோளைத் தூக்கித்தான் "ஹலோ" வருகிறது. கல்யாண மேடையில் மணமக்களுக்குப் பக்கத்தில் நின்றால் போட்டோகிராபர் "சார், தலை நேரா" என்று சொல்லிச் சொல்லிக் களைத்து, கடைசியில் மணமக்களைக் கொஞ்சம் சாய்ந்து நிற்கச் சொல்லிவிடுகிறார். முடிவெட்டுகிறவர் அவருக்குக் கிருதாவை ஒரு பக்கம் அரை அங்குலம் ஏற்றி வைத்தால்தான் கண்ணாடியில் சரியாகத் தெரிகிறது.

இந்தக் கழுத்தைப் பார்த்துச் சிரிக்கலாம். ஆனால் கையைத் தவிர வேறெதையும் பார்க்காததுதான் நம் சட்டத்தின் கோளாறு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-வது பிரிவு, 2019 திருத்தத்துக்குப் பிறகு, வண்டி ஓட்டும்போது கையில் பிடித்த தகவல்தொடர்புக் கருவியைப் பயன்படுத்துவதை அபாயகரமான ஓட்டுதல் என்ற கணக்கில் சேர்த்தது. தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் அபராதம் உயர்ந்தபோது முதல் முறைக்கு 1,000 ரூபாய், மறுமுறைக்கு 10,000 ரூபாய் என்று வைத்தார்கள். நம்மவர் சிக்னலில் பிடிபட்டால், "கையில பிடிக்கலையே சார், தோள்லதான சார் இருக்கு" என்று வாதாடுவார். கேட்கச் சிரிப்பாக இருக்கிறது. ஆனால் இதற்கு ஒன்றுவிட்ட சகோதரமான வாதம் இங்கிலாந்தில் நீதிமன்றம் ஏறி வென்றிருக்கிறது. அங்கே 2003 டிசம்பர் முதல் தடை உண்டு. வண்டி ஓட்டிக்கொண்டே விபத்து நடந்த இடத்தைக் கைபேசியில் படம்பிடித்த ஒருவர், பழைய சட்டம் யாரோடாவது தொடர்புகொள்வதைத்தான் தடுக்கிறது, படமெடுப்பதை அல்ல என்ற அடிப்படையில் 2019-ல் தப்பித்தார். ஓட்டையை அடைத்துப் புதிய விதி வர 2022 மார்ச் ஆகிவிட்டது. விரல் என்ன செய்தது, கை எங்கே இருந்தது என்று சட்டம் துரத்திக்கொண்டே போனால், நம்மவரைப் போன்றவர்கள் தோள், கன்னம், கழுத்து என்று புதிது புதிதாக இடம் கண்டுபிடித்துக்கொண்டே இருப்பார்கள்.

அபாயம் கையில் இல்லை என்பது ஏறக்குறைய முப்பது ஆண்டுகளாகத் தெரிந்த சங்கதி. 1997-ல் டொராண்டோவில், விபத்தில் சிக்கிய 699 ஓட்டுநர்களின் தொலைபேசி பில்களை எடுத்து, விபத்துக்குச் சற்று முன் பேசினார்களா, அதே ஆட்கள் முந்தைய நாள்களில் அதே நேரத்தில் பேசினார்களா என்று ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பேசும்போது விபத்துக்கான வாய்ப்பு நான்கு மடங்கு. கையில் பிடிக்காமல் பேசும் வசதி உள்ளவர்களுக்கு இதில் எந்தச் சலுகையும் கிடைக்கவில்லை. 2005-ல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் செய்த ஆய்விலும் அதே நான்கு மடங்கு. அங்கேயும் கையில்லாப் பேச்சுக்குத் தனிக் கருணை இல்லை. அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் 2006-ல் வெளியான ஆய்வு இன்னும் வேடிக்கை. அதே ஆட்களை ஒரு தரம் சட்ட வரம்பு அளவுக்குக் குடிக்கவைத்தும், ஒரு தரம் கைபேசியில் பேசவைத்தும், நிஜச் சாலை போன்ற பாவனைக் கருவியில் காரோட்டச் சொன்னார்கள். பேசியபோது மூன்று பேர் முன்னால் போன காரை இடித்தார்கள். குடித்திருந்தபோது ஒருவரும் இடிக்கவில்லை. குடித்துவிட்டு ஓட்டலாம் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. நம்மவர் குடிக்கவே மாட்டார். குடித்து ஓட்டுகிறவனைக் கண்டால் "இவனையெல்லாம் உள்ள தூக்கி வைக்கணும்" என்று சீறுவார். அதையும் வண்டியில் போய்க்கொண்டேதான், தலையைச் சாய்த்துக்கொண்டேதான் சொல்வார்.

ஆக, நாளைக்கே அவர் மகள் ஒரு புளூடூத் கருவி வாங்கித் தருகிறாள் என்று வையுங்கள். கழுத்து நேராகிவிடும், அபராதம் போய்விடும், கவனம் மட்டும் மச்சானின் நிலத்தகராறிலேயே இருக்கும். நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்குப் பதினோரு மீட்டர் போகிறது. "பட்டா யார் பேர்ல இருக்கு?" என்று மூன்று நொடி யோசித்தால், முப்பத்து மூன்று மீட்டர் தூரத்துக்கு அந்த வண்டியை யாரும் ஓட்டவில்லை என்று பொருள். அதனால்தான் அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2011 டிசம்பரில், கையில் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் ஓட்டுநர் கைபேசியில் பேசவே கூடாது என்று பரிந்துரைத்தது. ஐம்பது மாநிலங்களில் ஒன்றுகூட எல்லா ஓட்டுநர்களுக்கும் அதை அப்படியே சட்டமாக்கவில்லை. சாய்ந்த தலைகளுக்கு ஓட்டு உண்டல்லவா!

"பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரோடு பேசலாம், போனில் பேசக் கூடாதா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பின்சீட்டில் மனைவி இருந்தால் பேச்சுக்கு நடுவில் "பாத்து, பஸ் திரும்புது" என்று ஒரு குரல் வரும். நெரிசலில் பேச்சு தானாக நிற்கும். கூட வருகிறவருக்கும் கண் இருக்கிறது, உயிராசையும் இருக்கிறது. மச்சானுக்குப் பேருந்து தெரியாது. அவர் பாட்டுக்கு பதிலை எதிர்பார்த்துக்கொண்டிருப்பார். கூட வருகிறவரோடு பேசுவதும் போனில் பேசுவதும் வேறு என்பதை யூட்டாவிலேயே இன்னொரு சோதனை 2008-ல் காட்டியது. ஆனால் எதிர்த்தரப்பில் கனமான சான்றும் இருக்கிறது, அதை ஒளிப்பது முறையல்ல. அமெரிக்காவில் இரவு 9 மணிக்கு மேல் அழைப்பு மலிவாக இருந்த காலத்தில், அந்த நேரத்தில் அழைப்புகள் கூடியும் விபத்துகள் கூடவில்லை என்று 2013-ல் ஒரு பொருளியல் ஆய்வு சொன்னது. வண்டிக்குள் கேமரா வைத்துக் கண்காணித்த வர்ஜீனியா ஆய்வுகளிலும் பெரும் ஆபத்து பேச்சில் அல்ல, எண்ணைத் தட்டுவதிலும் திரையைப் பார்ப்பதிலும்தான் தெரிந்தது. இருக்கட்டும். அழைப்பு தானாகக் காதுக்குள் குதிப்பதில்லை. யார் என்று பார்க்க வேண்டும், மாமாவை வெட்டிவிட்டு மச்சானை எடுக்க வேண்டும், "லொகேஷன் அனுப்புறேன்" என்றதும் அதைத் திறந்து பார்க்க வேண்டும். பேச்சு என்பது திரைக்குப் போகும் வாசல். தவிர, இரவு ஒன்பது மணி அமெரிக்கச் சாலையில், குறுக்கே படுத்திருக்கும் மாடும் எதிர்த்திசையில் வரும் தண்ணீர் லாரியும் ஆய்வாளர் கணக்கில் வந்திருக்காது.

நம் நாட்டுக் கணக்கைக் காட்டியும் தப்பிக்கப் பார்ப்பார்கள். 2022-ல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அதில் கைபேசி காரணம் என்று அரசு ஏட்டில் ஏறியது ஏறத்தாழ 2 சதவீதம்தான், 70 சதவீதத்துக்கு மேல் அதிவேகம். அந்த 2 சதவீதமே மூவாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர். அதோடு இந்த ஏடு எப்படி எழுதப்படுகிறது என்பதும் நமக்குத் தெரியும். முதல் தகவல் அறிக்கையில் "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி" என்பது எல்லா விபத்துக்கும் பொதுவான வாசகம். பிழைத்தவர் "பேசிக்கொண்டு வந்தேன்" என்று எழுதித் தரப்போவதில்லை. இறந்தவரின் கைபேசி உடைந்து எங்கோ கிடக்கும். இருபதில் போய்க்கொண்டே இடித்த நம்மவர்கூட அறிக்கையில் அதிவேகமாகிவிடுவார்.

ஓட்டும்போது பேச்சையே தடை செய்தால், புளூடூத்தில் பேசுவதைப் போலீஸ் எப்படிப் பிடிக்கும் என்பதுதான் மிச்சமிருக்கும் வலுவான ஆட்சேபம். தெருவில் பிடிப்பது கஷ்டம், ஒப்புக்கொள்கிறேன். விபத்து நடந்த பிறகு அழைப்புப் பதிவை எடுத்துப் பார்ப்பது கஷ்டமில்லை. டொராண்டோவில் 1997-லேயே பில்லை வைத்துச் செய்தார்கள். பேசியது தெரிந்தால் காப்பீட்டிலும் வழக்கிலும் அது எண்ணப்படும் என்ற ஒரு பயம் போதும், பாதிப் பேர் அழைப்பை எடுக்க மாட்டார்கள். எடுக்காமல் இருக்க முடியாதவர்களும் உண்டு. சாப்பாடு கொண்டுவரும் பையனுக்கு வாடிக்கையாளர் அழைக்கிறார், கடை அழைக்கிறது, எடுக்காவிட்டால் மதிப்பெண் குறைகிறது. அவன் விஷயத்தில் தடை அவனை வேலைக்கு வைத்திருப்பவர் மீதும் விழ வேண்டும். அது தனிக் கதை.

நம்மவருக்கு அந்தக் கட்டாயமும் இல்லை. என்றாலும் அவரை முழுசாகத் திட்ட மனசு வரவில்லை. யார் கூப்பிட்டாலும் எடுக்கிற மனிதர். மச்சானின் பட்டா, சித்தியின் ரேஷன் கார்டு, பக்கத்து வீட்டுப் பையனின் காலேஜ் சீட், எல்லாம் அந்தத் தோளில்தான் தொங்குகின்றன. "வண்டியில இருக்கேன், அப்புறம் கூப்பிடு" என்று சொன்னால் எதிராளி மனசு நோகுமே என்பதுதான் அவர் பயம். அதனால் "வண்டியிலதான் இருக்கேன், பரவால்ல, சொல்லு" என்கிறார். எதில் பரவாயில்லை? பின்னால் வருகிற நாங்கள் அதற்குச் சம்மதித்தோமா? கழுத்துவலி அவருடையது, அதை அவர் பார்த்துக்கொள்ளட்டும். சைக்கிளில் போகும் பள்ளிக்கூடப் பிள்ளையின் கால் அவருடையது அல்ல.

அவரைத் திருத்த முடியும் என்று எனக்கு நம்பிக்கையில்லை. அதனால் வேண்டுகோள் மச்சான்களுக்கு: மறுமுனையில் காற்றிரைச்சல் கேட்டால், அவர் எவ்வளவு அன்பாக "சொல்லு" என்றாலும் சொல்லாதீர்கள். உடனே வைத்துவிடுங்கள். பட்டாவைப் பற்றி வீட்டுக்கு வந்த பிறகு பேசிக்கொள்ளலாம்.